பட்டியலில் முதலில் நின்ற பெயர்

பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தை விட்டு ஐந்தே காலுக்கு இறங்கினால்தான் ஆறு மணிக்குள் செராஸ் போய் மகளை எடுக்க முடியும். அவளுக்கு அப்போது எட்டு மாதம். அவளைப் பார்த்துக்கொண்ட ஆன்டி எங்கள் அடுக்குமாடியிலேயே இரண்டு மாடி கீழே குடியிருந்தார். நல்லவர்தான், நேரத்தில் மட்டும் கறார்.

"ஆறு மணின்னா ஆறு மணிதான்லா. தினமும் லேட்டா வந்தா உன் பொண்ணு என்னைத்தான் அம்மான்னு நெனச்சுக்கும். அப்புறம் என்கிட்ட வந்து அழுவாத," என்பார்.

அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறும்போது, அவள் முகத்தைத் திருப்பி ஆன்டியின் கதவையே பார்ப்பதாகத் தோன்றும். உண்மையில் பார்த்தாளா, நானே கற்பனை செய்துகொண்டேனா, இன்றுவரை தெரியவில்லை.

கணவருக்குக் கிள்ளான் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதும் எடுப்பதும் என் பொறுப்பு. வேலையை விட்டுவிடலாமா என்று திங்கட்கிழமைகளில் நினைப்பேன். படித்த படிப்பை ஏன் வீணாக்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை தோன்றும்.

எங்கள் அலுவலகம் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறை. தனியார் கிளினிக்குகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுப்பதுதான் தொழில். முதலாளி ஒருவர், அக்கா என்று நான் கூப்பிடும் மூத்த சக ஊழியர் ஒருவர், நான். எங்கள் புரோகிராமில் நோயாளியின் வயதையும் மருந்தின் பெயரையும் அடித்தால், எத்தனை மில்லி, ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று ஒரு லேபிளை அச்சடிக்கும். கிளினிக் பெண் அதைப் பாட்டிலில் ஒட்டிக் கொடுப்பாள். பெரியவர் அளவும் குழந்தை அளவும் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியே பதிந்திருக்கும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் குழந்தை அளவை எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

லேபிள் மலாயில் என்பதால், புரோகிராமுக்குள் வரும் பெயர்களையும் மலாயிலேயே வைத்திருந்தோம். பெரியவர் அளவுக்கு டோஸ் தெவாசா, குழந்தை அளவுக்கு டோஸ் கானாக். இப்படி நூற்றுக்கணக்கான பெயர்கள். நாள் முழுக்க அவற்றைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும்.

நாங்கள் புரோகிராம் எழுதிய எடிட்டரில் ஒரு வசதி இருந்தது. பெயரின் முதல் மூன்று எழுத்தை அடித்து ஒரு கீயைத் தட்டினால், அந்த எழுத்துகளில் தொடங்கும் எல்லாப் பெயர்களும் நீலத் திரையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் வரிசையாக வந்து நிற்கும். அம்புக் கீயால் இறங்கி, வேண்டியதில் நின்று, எண்டர் அடிக்க வேண்டும். அக்கா அப்படித்தான் செய்வார். பெட்டி திறக்கும், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்ப்பார், இறங்குவார், தேர்ந்தெடுப்பார். ஒவ்வொரு முறையும் மூன்று விநாடி, நான்கு விநாடி.

எனக்கு அந்த விநாடிகள் உறுத்தின. அவற்றைச் சேர்த்தால் ஒரு பஸ் ஆகும் என்று தோன்றியது. ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால் ஆறுக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே ஆன்டி வீட்டு வாசலில் நிற்கலாம்.

எடிட்டரோடு வந்த தடித்த புத்தகத்தில், அந்த வசதியை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்வது எப்படி என்று ஓர் அத்தியாயம் இருந்தது. மதியச் சாப்பாட்டு வேளைகளில் ஒரு வாரம் அதைப் படித்தேன். இரண்டு மாற்றம் செய்தேன். ஒன்று, கடைசியாக எந்தப் பெயரைப் பயன்படுத்தினேனோ அது பட்டியலில் முதலில் வர வேண்டும். இன்னொன்று, பெட்டியே திறக்கக் கூடாது. மூன்று எழுத்தை அடித்து ஸ்பேஸ் தட்டினால், முதலில் நிற்கும் பெயர் நேராக வந்து உட்கார்ந்துவிட வேண்டும். தப்பான பெயர் வந்தால் மறுபடி தட்ட வேண்டும், அடுத்தது வரும். ஆனால் பத்தில் ஒன்பது முறை முதல் பெயரே சரியாக இருந்தது. நான் நினைப்பதற்குள் அது வந்துவிடும்.

அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"என்னம்மா இது, நீ அடிக்கிறதுக்கு முன்னாடியே அது அடிச்சிருது. அப்புறம் நீ எதுக்கு வர்ற? வீட்டுல பிள்ளையப் பாத்துக்கலாமே?"

"அதுக்குத்தான்கா செஞ்சேன்."

"எனக்கு வேணாம்பா. கேக்காம வந்து உக்கார்ற சொந்தக்காரன் மாதிரி இருக்கு."

இருவரும் சிரித்தோம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. படிப்பு முடித்த பிறகு நானாகச் செய்த முதல் கெட்டிக்காரத்தனம் அதுதான். அந்த மாதம் பெரும்பாலான நாள்களில் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தேன். ஆன்டி ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "வேலைய விட்டு நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் லேபிள் அடிக்கும் பகுதியைத் திருத்தி எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஒரு திங்கட்கிழமை பிற்பகல் எழுதினேன். முதலில் பெரியவர்களுக்கான வரிகள். அவற்றில் டோஸ் தெவாசா ஐந்தாறு முறை வந்தது. பிறகு குழந்தைகளுக்கான வரிகள். எழுத்தைத் தட்டினேன், ஸ்பேஸ் தட்டினேன், பெயர் வந்தது, அடுத்த வரிக்குப் போனேன். மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். அன்று ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தேன், அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

சோதனையும் செய்தேன். செய்யாமல் விடவில்லை, அதை இன்னும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஒரு பெரியவர், ஒரு மூன்று வயதுக் குழந்தை என்று பொய்யாக இரண்டு நோயாளிகளைப் பதிந்து லேபிள் அடித்துப் பார்த்தேன். சோதனைக்கு நான் எடுத்த மருந்து கண்ணில் விடும் சொட்டு மருந்து. அதற்குப் பெரியவருக்கும் குழந்தைக்கும் ஒரே அளவு. இரண்டு லேபிளும் சரியாக வந்தன. வேறு மருந்தை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் காரணம் இதுதான்: பட்டியலில் அதுதான் முதலில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை டிஸ்கெட் ரவாங்கில் ஒரு கிளினிக்குக்குப் போனது. புதிய லேபிளை முதலில் கேட்டவர்கள் அவர்கள். மற்ற கிளினிக்குகளுக்கு அடுத்த வாரம் அனுப்புவதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அந்தக் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் பெண் போன் செய்தாள். தமிழ்ப்பெண், இதற்கு முன்பும் பேசியிருக்கிறேன்.

"அக்கா, உங்க கம்ப்யூட்டர் சின்னப் பிள்ளைக்கும் பெரியாளுக்கும் ஒரே அளவு அடிக்குதே, பாத்தீங்களா? நான் ரெண்டு நாள் லீவு. தங்கச்சி வீட்டுக் கல்யாணம். பதிலுக்கு வந்த பொண்ணு புதுசு, அடிச்சத அப்படியே ஒட்டிக் குடுத்துட்டா. இன்னிக்கு வந்து பாத்தா, ஒன்ர வயசுப் பிள்ளைக்கு பத்து மில்லின்னு வருது. எனக்கு உசுரே போயிருச்சு."

நான் போனைக் காதில் வைத்தபடியே கோப்பைத் திறந்தேன். குழந்தைகளுக்கான வரிகளில், எங்கெல்லாம் டோஸ் கானாக் இருக்க வேண்டுமோ அங்கெல்லாம் டோஸ் தெவாசா இருந்தது. வரிசையாக, நேர்த்தியாக, ஒரு பிழையும் இல்லாதது போல. மலாயில் இரண்டு பெயர்களும் ஒரே மூன்று எழுத்தில் தொடங்கும்; கடைசியாக அடித்தது தெவாசா என்பதால் ஸ்பேஸ் தட்டியபோதெல்லாம் அதுவே வந்திருந்தது. இரண்டுமே புரோகிராமில் உள்ள பெயர்கள் என்பதால் கம்ப்யூட்டரும் குறை சொல்லவில்லை. அவற்றை நான் அடித்த நினைவே எனக்கு இல்லை. வேறு யாரோ என் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிவிட்டுப் போனது போல இருந்தது. ஆனால் வரிகளுக்கிடையே இடைவெளி விட்டிருந்த விதம்கூட என்னுடையதுதான்.

"எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டேன்.

"இருமல் மருந்து வாங்குனது அஞ்சு பேரு. மத்ததெல்லாம் கிரீமு, சொட்டு மருந்து, பயமில்ல. நாலு பேருக்கு போன் பண்ணிட்டேன். ஒருத்தருக்கு போன் இல்ல. வியாழக்கிழமை வாங்கியிருக்காங்க. ரெண்டு வயசுப் பையன். டாக்டர் ஆள் அனுப்புனாரு, வீடு பூட்டியிருக்காம். நாளைக்குப் போய்ப் பாக்கச் சொல்லியிருக்காரு."

"என்ன அளவு குடுக்கணும்?"

"ரெண்டரை மில்லி. அரை ஸ்பூன். உங்க லேபிள்ல ரெண்டு ஸ்பூன், மூணு வேளை."

விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன். பெயர்களைத் திருத்தினேன், ஒவ்வொன்றையும் எழுத்து எழுத்தாக அடித்து. முதலாளி புது டிஸ்கெட்டை ஆளிடம் கொடுத்து அனுப்பினார். அவர் என்னைத் திட்டவில்லை.

"எல்லாருக்கும் வர்றதுதான். திருத்தியாச்சு இல்ல, விடு," என்றார்.

மணி நாலரை. ரவாங்குக்குக் கொமுட்டர் ரயில் ஓடத் தொடங்கியிருந்த புதிது. அப்போதே கிளம்பியிருந்தால் ஆறு மணிக்குள் அந்த வீட்டு வாசலில் நின்றிருக்கலாம். பூட்டியிருந்தால் அங்கேயே காத்திருக்கலாம். ஆன்டிக்குப் போன் செய்து இன்று தாமதமாகும் என்று சொல்லியிருக்கலாம். போனைக் கையில் எடுக்கவும் செய்தேன். பிறகு வைத்துவிட்டேன். கிளினிக்தான் ஆள் அனுப்புகிறதே, நான் போய் என்ன செய்யப் போகிறேன், வீடு பூட்டித்தானே இருக்கிறது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காரணங்கள் வந்தன. வந்த முதல் காரணத்தையே பிடித்துக்கொண்டேன். ஐந்து மணி பஸ்ஸில் ஏறி என் பிள்ளையை எடுக்கப் போனேன்.

அந்தப் பையனுக்கு வெள்ளி மாலை ஒரு வேளை, படுக்கும் முன் ஒரு வேளை, சனி காலை ஒரு வேளை மருந்து போகும் என்று கணக்குப் போட்டேன். என் மகளுக்குச் சோறு மசித்து ஊட்டும்போது ஒவ்வொரு ஸ்பூனாக எண்ணினேன். அவள் தூங்கினால் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். கணவர், "சளி கூட இல்லையே அவளுக்கு, எதுக்கு இப்படி?" என்றார். நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் நல்லவிதமாக எதையாவது சொல்லித் தேற்றிவிடுவார் என்று பயமாக இருந்தது.

சனிக்கிழமை ஆன்டி பிள்ளை பார்ப்பதில்லை. கணவர் காலையிலேயே துறைமுகத்துக்குப் போய்விட்டார். மகளை ஒரு துணியால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். ரயிலில் அவள் எதிரே இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். ஒரு மலாய் அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, எத்தனை மாதம் என்று கேட்டார். சொல்ல வந்த எண் வாயில் வரவில்லை. ஐந்து பேர், நாலு பேர், ரெண்டு ஸ்பூன், இவைதான் வந்தன.

அந்த வீடு ரயில் நிலையத்திலிருந்து இருபது நிமிட நடையில், ஒரு பலகை வீட்டு வரிசையில் கடைசி. கதவு திறந்திருந்தது. தொலைக்காட்சி சத்தம் கேட்டது. என்னைவிட இளைய ஒரு பெண் வெளியே வந்தாள்.

"கிளினிக்லேர்ந்து வரேன்," என்றேன். அது பொய். வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "வியாழக்கிழமை உங்க பையனுக்கு இருமல் மருந்து வாங்குனீங்களே."

"ஆமாக்கா. உள்ள வாங்க. பிள்ளையோட வந்திருக்கீங்க, வெயில்ல." அவள் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தாள். "ரொம்ப நல்ல மருந்துக்கா அது. முந்தி ஒரு வாரமா நாங்க யாரும் தூங்கல. இத குடுத்ததுலேர்ந்து சத்தமே இல்ல. நேத்து மாமியார் வீட்டுக்குப் போனோம், அங்கயும் தூங்கிக்கிட்டேதான் இருந்தான். இன்னொரு பாட்டில் தருவாங்களா?"

பையன் நாற்காலிக்குப் பக்கத்தில் விரித்த பாயில் கிடந்தான். மணி பதினொன்று. தொலைக்காட்சி அவன் தலைக்கு நேரே அலறிக்கொண்டிருந்தது. அவன் வாய் சற்றே திறந்திருந்தது.

"எப்ப எந்திரிச்சான்?"

"காலையில மருந்துக்கு எழுப்புனேன். குடிச்சிட்டுத் திரும்பப் படுத்துட்டான்."

நான் குனிந்து அவன் மூக்கருகே விரலை வைத்தேன். மூச்சு இருந்தது. என் மகள் என் நெஞ்சிலிருந்து கையை நீட்டி அவன் தலைமுடியைப் பிடித்தாள். பிடித்து இழுத்தாள். அவன் அசையவில்லை. அவளது கையை நான் பிரிக்கவில்லை. இழுக்கட்டும், விழிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் முகம் லேசாகச் சுளித்தது, அவ்வளவுதான்.

"லேபிள்ல அளவு தப்பா அடிச்சிருக்கு. பையனத் தூக்குங்க, டாக்டர்கிட்ட போலாம்," என்றேன்.

அவள் உடனே குனிந்தாள். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள், செருப்பை மாட்டினாள், அலமாரி மேலிருந்து பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள். டாக்ஸியில் பாட்டிலை மடியில் வைத்து லேபிளையே பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் எழுத்து, நான் தேர்ந்தெடுத்த எழுத்தளவு. பாட்டிலில் பாதிக்குக் கீழேதான் மருந்து இருந்தது.

டாக்டர் பையனின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். உள்ளங்காலைக் கிள்ளினார். பையன் கண்ணைத் திறந்து, யாரையும் அடையாளம் தெரியாதவன் போலப் பார்த்து, மெல்ல அழத் தொடங்கினான். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் மகளைக் கட்டியிருந்த துணியின் முடிச்சை அவிழ்த்தேன்.

"மருந்து மயக்கம். நிறுத்திட்டா தெளிஞ்சிரும். முழுசா விழிக்கிற வரைக்கும் இங்கயே உக்காருங்க. நான் அப்பப்ப வந்து பாக்கறேன்," என்றார்.

உட்கார்ந்தோம். நீளப் பெஞ்சில் அவள், அவள் மடியில் பையன், பக்கத்தில் நான், என் மடியில் மகள். மருந்து கொடுக்கும் பெண் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கே தோணுச்சுக்கா," என்றாள் அந்தத் தாய், என்னைப் பார்க்காமல். "ரெண்டு ஸ்பூன் அதிகமாச்சேன்னு. போன தடவை அரை ஸ்பூன்னுதான் சொன்னாங்க. அப்புறம் நெனச்சேன், நமக்கு என்ன தெரியும்னு. கையால எழுதியிருந்தா வந்து கேட்டிருப்பேன். இது கம்ப்யூட்டர்ல அடிச்சிருந்துச்சு."

"உங்க மேல தப்பு இல்ல."

"நேத்து ரெண்டு தடவ வாந்தி எடுத்தான். அதுக்கப்புறமும் குடுத்தேன். போட்டிருக்கறபடி குடுக்கணுமேன்னு."

"உங்க தப்பு இல்ல," என்றேன் மறுபடி. பிறகு, "நான் கிளினிக் ஆள் இல்ல. இந்த லேபிள் அடிக்கிற புரோகிராம எழுதுனது நான்தான்," என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் என் மகளைப் பார்த்தாள்.

"இவள வேலைக்குப் போறப்ப யாரு பாத்துக்கறா?"

"ஒரு ஆன்டி."

"காய்ச்சல்னா மருந்து?"

"அவங்கதான் குடுப்பாங்க."

"பாட்டில்ல போட்டிருக்கறத பாத்துத்தானே."

"ஆமா," என்றேன்.

அவள் பையன் பக்கம் திரும்பி அவன் முதுகைத் தடவினாள். மூன்று மணிக்குமேல் பையன் தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு என் மகளின் கொலுசைத் தொட்டுப் பார்த்தான். டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். அவள் போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. பாட்டிலை மட்டும் என் பக்கத்தில் பெஞ்சின் மீது வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாக எடிட்டரில் நான் செய்த மாற்றங்களை எடுத்தேன். பெட்டி மறுபடி திறந்தது. பெயர்கள் வரிசையாக வந்து நின்று, எது என்று கேட்டன. பிரச்சினை என்னவென்றால், என் விரல்கள் மாறவில்லை. மூன்று எழுத்தை அடித்ததும் அவை தாமாகவே ஸ்பேஸ் தட்டிவிட்டு அடுத்த வரிக்கு ஓடின. அரைகுறைப் பெயர்கள் திரை முழுக்கக் கிடந்தன. எத்தனையோ மாதம் அப்படியே இருந்தது. ஐந்து மணி பஸ்ஸை மறுபடி தவறவிட்டேன். ஆன்டி கதவைத் திறந்து, "பழையபடி ஆரம்பிச்சாச்சா?" என்பார்.

என் மகளுக்கான மருந்தைப் பாட்டில் லேபிளை நம்பி அப்படியே ஆன்டியிடம் கொடுப்பதை நிறுத்தினேன். அளவை என் கையால் ஒரு தாளில் எழுதினேன். எழுதிய பிறகு அதையும் சரிபார்த்தேன். கீழே இறங்கும் முன் படியில் நின்று இன்னொரு முறை.

செவ்வாய்தோறும் ரவாங்குக்குப் போன் செய்தேன். பையன் எப்படி இருக்கிறான், வந்தார்களா, பேச்செல்லாம் சரியாக வருகிறதா என்று கேட்பேன். மருந்து கொடுக்கும் பெண் முதலில் பொறுமையாகச் சொன்னாள். பிறகு, "நல்லா இருக்கான்கா, போன வாரமும் சொன்னேனே," என்றாள். நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அக்கா, இனிமே என்கிட்ட கேக்காதீங்க. அவங்க கார்டை வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. வேற கிளினிக்காம்."

"எந்தக் கிளினிக்?"

"தெரியாதுக்கா. நான் கேக்கல."

ரவாங்கில் எங்கள் புரோகிராமை வைத்திருந்த கிளினிக்குகள் இன்னும் மூன்று, பையன் போனது அவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம். திருத்திய புது லேபிள் அவற்றுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. போனை வைத்துவிட்டுக் கோப்பைத் திறந்தேன். குழந்தைகளுக்கான வரிகளை மேலிருந்து கீழாக வாசித்தேன். டோஸ் கானாக், டோஸ் கானாக், டோஸ் கானாக். எல்லாம் சரியாக இருந்தன. கீழே வந்ததும், மேலே பார்த்தது உண்மையிலேயே அதுதானா, அதுவாக இருக்க வேண்டும் என்று நானாக வாசித்தேனா என்று சந்தேகம் வந்தது. மறுபடி மேலே போனேன். அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு, "கிளம்பலையா, மணி அஞ்சரை," என்றார்.

"இதோ," என்றேன். திரையில் விரலை வைத்து, எழுத்தெழுத்தாக, முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.